வார்டு கவுன்சிலரிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்: காசு எங்கிருந்து வருகிறது, எந்தத் தெருவுக்குப் போகிறது

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்று ஒரு நகராட்சியின் வார்டு உறுப்பினர் ஆனேன். அன்றிலிருந்து ரேஷன் கடை வரிசை, கல்யாணப் பந்தி, பஸ் ஸ்டாண்டு என்று எங்கே போனாலும் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை. தமிழ்நாட்டில் எந்த நகராட்சியில் இருப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கவுன்சிலருக்கு வருஷத்துக்கு எவ்வளவு நிதி கொடுக்கிறார்கள்?

நகராட்சி கவுன்சிலர் கையில் தனியாக ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை. எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி என்று கேட்டுப் பழகியதால் எங்களுக்கும் ஏதோ இருக்கும் என்று நினைக்கிறார்கள். சென்னை மாநகராட்சியில் வார்டு மேம்பாட்டு நிதி என்று ஒன்று உண்டு, எங்களுக்கு அது இல்லை. 2023 ஜூலையிலிருந்து மதிப்பூதியம் வருகிறது: நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய், மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000, பேரூராட்சியில் 2,500. அதற்கு முன்னால் கூட்டத்துக்கு வந்துபோக ஒரு சிறு படி, அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது மன்றத்தில் ஒரு ஓட்டு, பேச ஒரு வாய், ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிற பொறுமை.

அப்படியானால் ஒரு ரோடு எப்படித்தான் வருகிறது? நீங்கள் சொன்னால் போட்டுவிடுவார்கள் என்றுதானே நினைத்தோம்?

நான் சொல்வது முதல் படிக்கட்டு மட்டும். உதவிப் பொறியாளர் வந்து அளந்து மதிப்பீடு போட வேண்டும். எந்தத் தலைப்பில், அதாவது எந்த நிதிக் கணக்கிலிருந்து பணம் என்று முடிவாக வேண்டும். அது மன்றப் பொருளாக வந்து தீர்மானம் ஆக வேண்டும். அப்புறம் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை. வேலை நடக்கும்போது எம் புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகத்தில், அளவு ஏறும், அதை வைத்துத்தான் பில். டெண்டரைத் திறப்பதும் பணத்தை விடுவிப்பதும் ஆணையரும் அதிகாரிகளும் செய்கிற வேலை. ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது, கிடையாது என்பதுதான் சரியும்கூட.

இந்த வரிசையில் எந்த இடத்திலும் ஃபைல் ஆறு மாதம் தூங்கலாம். கவுன்சிலர் வேலையில் முக்கால்வாசி அதை எழுப்புவதுதான்.

நகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஊரிலிருந்தே வருவது: சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை. இரண்டாவது, மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தருவது. மூன்றாவது, மத்திய நிதிக்குழு மானியம். 15வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு நாடு முழுக்க உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. இது போகத் திட்டங்கள் தனி, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் மாதிரி.

தொகை பெரிதாகத் தெரியும், ஆனால் கைக்கு வரும்போது நிலைமை வேறு. மாநிலப் பகிர்விலிருந்து மின்கட்டணம், கடன் தவணை என்று பிடித்தம் போகும், பிறகு சம்பளம் போகும். அந்த 15வது நிதிக்குழு மானியத்தில் எங்களைப் போன்ற ஊர்களுக்கு வருவதில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. அதை எடுத்து ரோடு போட முடியாது. மிச்சம் 40 சதவீதத்தையும் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. "பணம் இருக்கு, ஆனா உங்க தெருவுக்கு ரோடு போடப் பணம் இல்லை" என்று நான் சொல்லும்போது ஏமாற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள், அது உண்மையிலேயே அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த ஊருக்கு எவ்வளவு என்று பிரிப்பதில் மக்கள்தொகைதான் முக்கியமான அளவுகோல், அந்தக் கணக்கு 2011 சென்சஸில் எடுத்தது. எங்கள் வார்டின் கிழக்கு ஓரத்தில் அப்போது கடலைக்காடு. இப்போது வீடு வீடாக இருக்கிறது. அங்கே பிறந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இல்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொத்து வரியை ஏற்றியதற்கு நீங்களும் கை தூக்கினீர்கள்தானே?

தூக்கினேன். அதை மறைக்க மாட்டேன். 2022 ஏப்ரலில் அறிவித்தபடி சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். பல ஆண்டுகளாகச் சீராய்வே இல்லாமல் கிடந்து ஒரேயடியாக ஏற்றியது வலித்தது என்பது உண்மை. ஆனால் வரியைச் சீர்படுத்தாவிட்டால் மத்திய மானியம் நிற்கும் என்பது நிதிக்குழு போட்ட நிபந்தனை. சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்கிற அமைப்பும் எனக்குச் சரியாகப் பட்டது. நான் கோபப்படுவது வேறு விஷயத்துக்கு: 500 சதுர அடி வீட்டுக்காரர் வரிசையில் நின்று கட்டுகிறார், மெயின் ரோட்டு வணிகக் கட்டிடம் பல வருஷமாக நிலுவை வைத்திருக்கிறது. மன்றக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் பெரிய நிலுவைப் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். இரண்டு முறை வாசித்தார்கள்.

எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் எதுவுமே வருவதில்லை?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். நான் இந்த வேலையில் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது.

பதவியேற்ற இரண்டாம் மாதம் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, வார்டில் இருக்கிற 31 தெருவுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். கடைசியாக ரோடு போட்டது எந்த வருஷம், சாக்கடை இருக்கிறதா, மூடி இருக்கிறதா, எத்தனை கம்பம், அதில் எத்தனை எரிகிறது, குழாயில் எத்தனை நிமிஷம் தண்ணீர், குப்பை வண்டி எது வரைக்கும் வருகிறது. விளக்கை எண்ணுவதற்கு இரவு எட்டு மணிக்கு மேல் நடந்தேன். தண்ணீருக்கு விடியற்காலை. அலுவலகப் பதிவேட்டில் ரோடு போட்ட வருஷங்களைத் தேடி எடுக்கவே மூன்று வாரம் ஆனது.

நோட்டு நிரம்பியதும் தெரிந்தது இதுதான். கோயிலைச் சுற்றியுள்ள மூன்று தெருவுக்குப் பத்து வருஷத்துக்குள் இரண்டு முறை ரோடு. தூய்மைப் பணியாளர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் குடியிருக்கிற பின் தெருவில் இரண்டு சந்துக்கு ஒரு முறைகூட இல்லை. யாரோ வேண்டுமென்றே மறுத்தார்களா என்று மனுப் பதிவேட்டைப் பார்த்தால், அந்த இரண்டு சந்திலிருந்து ஒரு மனுகூட வந்திருக்கவில்லை.

ஏன் வரவில்லை? அங்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு பாட்டி சொன்னார், "காலைல அஞ்சு மணிக்கு வேலைக்குப் போயிடுறோம் தாயி, ஆபீசு பதினோரு மணிக்குல்ல மனு வாங்குது." ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மனு கொடுக்க யார் போவார்கள்? கோயில் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அழகாக மனு எழுதுவார்கள், பொறியாளர் பெயர் தெரியும், ஞாபகமூட்டிக் கடிதம் போடுவார்கள். அவர்கள் செய்தது ஒன்றும் தப்பில்லை. ஆனால் கேட்கிறவர் தெருவுக்கே பணம் போய்க்கொண்டிருந்தால் கேட்க நேரமில்லாதவர் தெரு எப்போதும் மண்ணாகவே கிடக்கும். அதனால் இப்போது நான் மனுவின் வரிசையைப் பார்ப்பதில்லை, நோட்டின் வரிசையைப் பார்க்கிறேன். உங்கள் தெரு அதில் எத்தனையாவது என்று நீங்கள் எப்போது வந்தாலும் காட்டுவேன்.

அதற்காக வரி கட்டுகிற எங்களைப் பின்னால் தள்ளுவது நியாயமா?

கோயில் தெருவில் நேராகவே கேட்டார்கள், குரல் உயர்த்தியே கேட்டார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் திண்ணையிலேயே விரித்துக் காட்டினேன். உங்களுக்கு மூன்றாவது ரோடு, அவர்களுக்கு முதல் ரோடு, எது முன்னால் போக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் இன்றைக்கும் என்னிடம் பேசுவதில்லை. ஒரு சந்துக்கு பேவர் பிளாக்கும் சாக்கடையும் வந்துவிட்டது. இரண்டாவது சந்துக்கு மதிப்பீடு போட்டாகிவிட்டது, நிதித் தலைப்புக்குக் காத்திருக்கிறது.

பின் தெருவில் வாடகைக்கு இருக்கிறவர்களும் வாடகை வழியாக வரி கட்டுகிறார்கள், தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

புது ரோடு போட்ட மறுமாதமே ஏன் தோண்டுகிறார்கள்?

ரோட்டுப் பணம் ஒரு தலைப்பு, குழாய்ப் பணம் இன்னொரு தலைப்பு, இரண்டும் வேறு வேறு மாதத்தில் வரும், வந்ததைக் குறிப்பிட்ட காலத்துக்குள் செலவழிக்க வேண்டும். முதலில் வந்தது ரோட்டுப் பணமாக இருந்தால் முதலில் ரோடு. இதைத் தடுக்க ஒரே வழி, ரோட்டுத் தீர்மானம் மன்றத்துக்கு வரும்போதே "இந்தத் தெருவில் குடிநீர், பாதாளச் சாக்கடை வேலை பாக்கி இருக்கிறதா" என்று கேட்டுப் பதிவு செய்ய வைப்பது. எங்கள் மன்றத்தில் இப்போது அதைக் கேட்காமல் நான் கை தூக்குவதில்லை.

பொதுக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடக்கூட உங்களால் முடியவில்லையா?

சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற பெண்கள் கழிப்பறையைப் பற்றி ஒரு தங்கச்சி என்னிடம் இப்படித்தான் கேட்டாள். அங்கே நான்கு கதவு, இரண்டில் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவர் வாளியில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்கு அணைத்து வைப்பார், வெளியே இன்னொருத்தி நிற்பாள். பல்பு கிடையாது, அதனால் ஏழு மணிக்கு மேல் யாரும் போவதில்லை, போகாமல் இருப்பதற்காகச் சாயங்காலம் தண்ணீரே குடிப்பதில்லை. வயசுக்கு வந்த பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைச் சரிசெய்ய ஆகிற செலவு சில ஆயிரம் ரூபாய். ஆனால் அந்தக் கட்டிடத்தை மொத்தமாகப் புதுப்பிக்க ஒரு பெரிய மதிப்பீடு போட்டு நிதிக்காக வைத்திருந்தார்கள். தாழ்ப்பாளும் அந்த மதிப்பீட்டுக்குள்ளேயே போய்ச் சிக்கிக்கொண்டது. சின்ன வேலையைப் பெரிய வேலையிலிருந்து பிரித்தெடுத்து அன்றாடப் பராமரிப்பில் செய்யச் சொல்லி நான்கு முறை எழுதினேன். கடைசியில் கதவுகளின் போட்டோவை மன்றக் கூட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினர் மேசையிலும் வைத்தேன். ஏழு மாதம் ஆனது. தாழ்ப்பாள் பொருத்தி, பல்பு எரிந்த அன்று இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தேன், இரண்டு பெண்கள் வாளியில்லாமல், கைவீசிக்கொண்டு வந்தார்கள்.

சமுதாயக் கூடம் ஏன் பூட்டியே இருந்தது?

கட்டிடம் கட்டப் பணம் கிடைக்கும், அதைப் பெருக்கித் துடைக்கவும் மின்கட்டணம் கட்டவும் பணம் கிடைக்காது. கல்வெட்டு வைத்துத் திறக்கிற வேலைக்குத்தான் திட்டங்கள் நிறைய. எங்கள் சமுதாயக் கூடம் திறப்பு விழாவுக்குப் பிறகு சில வருஷம் பூட்டியே கிடந்தது. பொறுப்பு எந்தப் பிரிவுக்கு என்பதிலேயே குழப்பம், சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம். இப்போது சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை பிள்ளைகள் படிக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் தவறாமல் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சின்ன விசேஷங்களுக்கு விடுகிறோம், அந்த வாடகையில் கரண்டு பில் பாதி கட்டிவிடலாம். ஒரு பகுதியை மீட்டெடுப்பது என்றால் புதுக் கட்டிடம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் முதலில் செய்ய வேண்டியது, பூட்டிக்கிடப்பது எதெல்லாம் என்று எண்ணுவது.

'நமக்கு நாமே' திட்டத்தில் செய்யலாமே?

செய்யலாம், நல்ல திட்டம்தான். 1997-98ல் தொடங்கியது, இடையில் நின்று 2021ல் திரும்ப வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு தரும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு போட முடிகிற தெரு எது? வசதியான நகர்களில் நலச்சங்கம் ஒரே வாரத்தில் வசூல் செய்துவிடும், பின் தெருவால் முடியாது. ஆக அரசு தருகிற அந்த மூன்றில் இரண்டு பங்கும் வசதியுள்ள இடத்துக்கே போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது. பங்குத்தொகையை அந்தத் தெருக்காரரேதான் போட வேண்டும் என்பதில்லை, நிறுவனமோ வெளியூரில் இருக்கிற ஊர்க்காரரோ போடலாம். அதனால் இந்தத் திட்டத்துக்குப் பணம் தர முன்வருகிறவர்களிடம் முதலில் நோட்டில் பின் தெருச் சந்துகளின் பக்கங்களைத்தான் காட்டுகிறேன்.

ஆளுங்கட்சி வார்டுக்குத்தானே எல்லாம் போகும்? சுயேச்சைக்கு யார் தருவார்கள்?

ஆளுங்கட்சி உறுப்பினர் பேச்சு சீக்கிரம் எடுபடும், அது எந்தக் கட்சி ஆண்டாலும் நடப்பதுதான். அதற்காக ஒன்றுமே கிடைக்காது என்பதும் சரியில்லை. எழுத்தில் கொடுத்து, கணக்கோடு கொடுத்து, மன்றக் குறிப்பில் பதிவாகிவிட்டால் மறுப்பது கஷ்டம். எந்த வார்டுக்கு இந்த ஆண்டு எவ்வளவு செலவு என்று பட்டியல் போட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டபோது ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலரும் என்னோடு சேர்ந்து கேட்டார்கள், ஏனென்றால் அவர்களிலும் தலைவருக்கு நெருக்கமானவர், நெருக்கம் இல்லாதவர் என்று உண்டு.

நாங்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லாமலே முன்பு நடந்ததே, இப்போது மட்டும் என்ன வித்தியாசம்?

2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. புது மன்றம் பதவியேற்றது 2022 மார்ச் 2. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான். தேர்தல் நடத்தாததால் மத்திய மானியமும் நின்றது. அந்த வருஷங்களில் விழுந்த பள்ளத்தைத்தான் இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். அதிகாரிகள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் தெருவில் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்க ஒரு ஆள் இல்லாமல் போனது பெரிய இழப்பு.

விஷயத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் பேசலாமா?

அவரிடம் நலம் விசாரிக்கலாம், தாராளமாக. வார்டு விஷயம் என்றால் என்னிடம்தான். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016ல் சட்டமானது. பெண்கள் கையெழுத்துப் போட, ஆண்கள் நாற்காலியில் உட்கார்வதற்கு அது வரவில்லை. முதல் இரண்டு கூட்டத்துக்கு வந்த சில பெண் உறுப்பினர்களுக்குப் பின்னால் கணவர்கள் நின்றார்கள். இப்போது அதே பெண்கள் எம் புக் கொண்டு வாருங்கள் என்று கேட்கிறார்கள்.

வேலை தரமாக நடக்கிறதா என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது?

அளந்து பாருங்கள். ஒரு சந்தில் பேவர் பிளாக் இறக்கியபோது மதிப்பீட்டில் 80 மில்லிமீட்டர் என்று இருந்தது. ஆட்டோவும் தண்ணீர் லாரியும் போகிற இடத்துக்கு அது வேண்டும். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பையனிடம் ஸ்கேல் வாங்கிக் கல்லின் ஓரத்தில் வைத்தேன், 60 தான் இருந்தது. மொத்த லோடும் திரும்பிப் போனது. தார் ரோடு என்றால் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், 2021ல் அரசே உத்தரவிட்டிருக்கிறது. சுரண்டாமல் போட்டால் ரோடு உயரும், மழைத்தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் வரும். மதிப்பீட்டு நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். என்னிடம் நகல் இருந்தால் மனுவே வேண்டாம், கேட்டாலே தருவேன்.

பகுதி சபைக்கு வந்தால் என்ன ஆகும்?

கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. 2022ல் விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசலாம். அங்கே பேசியது பதிவேட்டில் ஏறும், வார்டு குழுவுக்குப் போகும், எனக்கு மன்றத்தில் பேசுவதற்கு அதுதான் பிடிமானம். எங்கள் பின் தெருக் கூட்டத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்கு வைக்கிறோம், வேலைக்குப் போய்வந்தவர்கள் வர முடிகிறது. முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர். போன கூட்டத்தில் பாய் பற்றாமல் பக்கத்து வீட்டில் வாங்கி விரித்தோம்.

உங்களைப் பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கிற எண். தண்ணீர் என்றால் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நின்றது என்று மூன்று நாள் குறிப்பு. சாக்கடை என்றால் ஒரு போட்டோ, பக்கத்தில் ஏதாவது கதவு எண் தெரிகிற மாதிரி. மனுவாக எழுதத் தெரியாது என்றால் சும்மா வாருங்கள், சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன். காலையில் ஆறிலிருந்து ஏழரை வரை பின் தெருக் குழாயடியில் இருப்பேன், இரவு எட்டு மணிக்கு மேல் சமுதாயக் கூடத்தில். நோட்டு இரண்டு இடத்திலும் என்னோடு இருக்கும்.